2:47.0 - ஆற்றோட்டத்தில் பிறந்த ஒலிம்பிக் சாதனை! 1900-ல் சென் நதியில் நடந்த பேக்ஸ்ட்ரோக் போட்டியில் என்ன நடந்தது?

2025 ஜூலை 5-ம் தேதி காலை, பாரிஸ் நகரின் சென் நதியில் பொதுமக்கள் இறங்கிக் குளித்தார்கள். 1923-ல் போடப்பட்ட குளியல் தடைக்குப் பிறகு, ஆற்றில் மூன்று இடங்களை அரசே மக்களுக்குத் திறந்துவிட்டது அதுதான் முதல் முறை. அந்த வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாங்களும் போட்டோம்.

ஆனால் அந்தச் செய்திகளில் பெரும்பாலும் விட்டுப்போன ஒரு விஷயம் இருக்கு. இந்தத் தடைக்கெல்லாம் முன்னாடி, இதே ஆற்றில் ஒலிம்பிக் நீச்சல் போட்டிகள் நடந்திருக்கின்றன. 2024-ல் நடந்த டிரையத்லானைச் சொல்லவில்லை. 1900-ம் ஆண்டு. நீச்சல் குளமே கிடையாது. 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல், 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக், 1000 மீட்டர், 4000 மீட்டர் எல்லாமே ஆற்றில்தான்.

அதில் ஆண்கள் 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். ஒலிம்பிக் வரலாற்றில் முதல் பேக்ஸ்ட்ரோக் போட்டி அது. வென்றவர் ஜெர்மனியின் ஏர்ன்ஸ்ட் ஹோப்பன்பர்க். நேரம் 2 நிமிடம் 47.0 விநாடி. இந்த எண்ணை இன்றைக்கும் பட்டியல்களில் பார்க்கலாம். பிரச்னையே அந்த எண்தான்.

முதலில் பெயர்: பேக்ஸ்ட்ரோக்கா, மல்லாந்த நீச்சலா?

பத்திரிகைகளில் 'பேக்ஸ்ட்ரோக்' என்று எழுதுகிறோம். சிலர் 'பின்னோக்கு நீச்சல்' என்கிறார்கள். தமிழ் படித்தவள் என்ற முறையில் எனக்கு அந்தச் சொல்லோடு ஒரு சண்டை உண்டு. இந்த நீச்சலில் யாரும் பின்னோக்கிப் போவதில்லை. தலை இருக்கும் திசையில்தான் போகிறார்கள். என்ன, அந்தத் திசை அவர்கள் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கிணத்துல நீச்சல் பழகினவங்க 'மல்லாக்கப் படுத்து அடிக்கிறது' என்பார்கள். அதுதான் சரியான விவரிப்பு. முகம் வானத்தைப் பார்க்கும், முதுகு தண்ணீரில்.

இந்த விவரிப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாடி விதிகளைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

1900 ஆகஸ்டில் என்ன நடந்தது?

1900 பாரிஸ் ஒலிம்பிக் நாம் இன்றைக்குப் பார்க்கும் ஒலிம்பிக் மாதிரி இல்லை. பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியின் ஒரு பகுதியாக, மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை இழுத்துக்கொண்டு போனது. தாங்கள் கலந்துகொண்டது ஒலிம்பிக் என்பதே சில வீரர்களுக்குத் தெரியாமல் போனது என்பது அந்தப் போட்டிகளைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கதை.

நீச்சல் நடந்த இடம், பாரிஸுக்கு வடமேற்கே அனியேர், கூர்ப்வுவா என்ற புறநகர்களை ஒட்டிய சென் நதிப் பகுதி. படகுப் போட்டிகளும் அங்கேதான் நடந்தன. அதற்கு முந்தைய 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நீச்சல் கடலில் நடந்தது. குளிர்ந்த தண்ணீரில் வீரர்கள் விறைத்துப்போனார்கள். அங்கே பேக்ஸ்ட்ரோக் கிடையாது.

பாரிஸில் பேக்ஸ்ட்ரோக் ஆகஸ்ட் 11, 12 ஆகிய இரண்டு நாட்கள் நடந்தது. 7 நாடுகளைச் சேர்ந்த 16 பேர் கலந்துகொண்டனர். இறுதிப் போட்டியில் ஹோப்பன்பர்க் 2:47.0. இரண்டாவது வந்த ஆஸ்திரியாவின் கார்ல் ரூபர்ல் 2:56.0. மூன்றாவது, நெதர்லாந்தின் யோஹன்னஸ் ட்ரோஸ்ட் 3:01.0. முதல் இடத்துக்கும் இரண்டாவது இடத்துக்கும் 9 விநாடி வித்தியாசம். இன்றைய போட்டிகளில் நூறில் ஒரு பங்கு விநாடிக்கு அடித்துக்கொள்கிறார்கள். 9 விநாடி என்றால் கேமராவில் இருவரும் ஒரே ஃப்ரேமில் வர மாட்டார்கள்.

ஹோப்பன்பர்க்குக்கு அப்போது 22 வயது. பிரெமன் நகரத்துக்காரர். அதே ஒலிம்பிக்கில் 200 மீட்டர் குழு நீச்சலில் தங்கம் வென்ற ஜெர்மன் அணியிலும் அவர் இருந்தார். ஆக, அவர் நல்ல நீச்சல்காரர் என்பதில் சந்தேகமே இல்லை.

அப்போ எதில் சந்தேகம்?

ஆறு எவ்வளவு உதவியது?

1900-ல் நீச்சல் போட்டிகள் ஆற்றோட்டத்தோடு சேர்ந்தே நடந்தன. அதாவது, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே வீரர்களும் நீந்தினார்கள். ஓட்டம் எவ்வளவு உதவியிருக்கும் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு உதாரணத்துக்கு, தண்ணீர் விநாடிக்கு வெறும் 20 சென்டிமீட்டர்தான் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கரையில் நின்று பார்த்தால் ஓடுகிற மாதிரியே தெரியாத வேகம் அது. ஹோப்பன்பர்க் தண்ணீரில் இருந்தது 167 விநாடி. அந்த நேரத்தில் ஆறு மட்டுமே அவரை 33 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விட்டிருக்கும். 200 மீட்டரில் 33 மீட்டர்!

இது உதாரணம்தான். அன்றைக்கு நடந்ததைப் புரிந்துகொள்ள வேறு ஒரு வழி இருக்கு: அடுத்தடுத்த ஒலிம்பிக்கோடு ஒப்பிடுவது.

1908 லண்டன் ஒலிம்பிக்கில், ஒயிட் சிட்டி மைதானத்தின் ஓடுபாதைக்கு நடுவே 100 மீட்டர் நீளத்துக்குத் தொட்டி கட்டி நீச்சல் நடத்தினார்கள். தேங்கி நிற்கும் தண்ணீர். ஓட்டமே கிடையாது. அங்கே 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் தங்கம் வென்றவரும் ஜெர்மானியர்தான்: ஆர்னோ பீபர்ஸ்டைன். அவருடைய நேரம் 1 நிமிடம் 24.6 விநாடி.

இப்போ ஹோப்பன்பர்க்கின் நேரத்தை இரண்டாக வகுங்கள். 100 மீட்டருக்குச் சராசரியாக 83.5 விநாடி. பீபர்ஸ்டைனுக்கு 84.6 விநாடி. அதாவது 200 மீட்டர் நீந்தியவரின் சராசரி வேகம், எட்டு வருஷம் கழித்து வெறும் 100 மீட்டர் மட்டும் நீந்தி ஒலிம்பிக் தங்கம் வென்றவரின் வேகத்தைவிட அதிகம். தூரம் கூடினால் வேகம் குறையும் என்பது ஓட்டத்திலும் நீச்சலிலும் பொது விதி. இங்கே தலைகீழாக இருக்கு.

ஃப்ரீஸ்டைலிலும் இதே கதைதான். 1900-ல் சென் நதியில் 200 மீட்டரை ஆஸ்திரேலியாவின் ஃப்ரெடரிக் லேன் 2:25.2-ல் முடித்தார். நான்கு வருஷம் கழித்து செயின்ட் லூயிஸில், ஒரு செயற்கை ஏரியில் நடந்த 220 கெஜம் போட்டியில் (200 மீட்டரைவிட ஒரு மீட்டர் சொச்சம்தான் அதிகம்) அமெரிக்காவின் சார்லஸ் டேனியல்ஸ் 2:44.2-ல் வென்றார். 19 விநாடி மெதுவாக! டேனியல்ஸ் ஒன்றும் சாதாரண ஆள் இல்லை; அந்தக் காலத்தின் மிகப் பெரிய நீச்சல் நட்சத்திரங்களில் ஒருவர். ஏரி அவரைத் தள்ளிவிடவில்லை. அதுதான் வித்தியாசம்.

நான்கைந்து பேரின் நேரங்களை வைத்து ஆற்றின் வேகத்தைத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. வீரர்கள் வேறு, பயிற்சி வேறு. ஆனால் எல்லா ஒப்பீடும் ஒரே பக்கம் சாயும்போது, ஆற்றைச் சந்தேகிக்கத்தான் வேண்டியிருக்கு.

படகு மேல ஏறிக் குதிச்சவர் வேகமாப் போனாரா?

இந்த இடத்தில் ஒரு சுவாரஸ்யமான விஷயம். 1900-ல் மட்டும் நடந்த ஒரு விநோதமான போட்டி உண்டு: 200 மீட்டர் தடை நீச்சல். வழியில் ஒரு கம்பத்தில் ஏறி இறங்க வேண்டும், பிறகு வரிசையாக நிறுத்தியிருக்கும் படகுகள் மேல் ஏறிக் கடக்க வேண்டும், அதற்கப்புறம் இன்னொரு வரிசைப் படகுகளுக்கு அடியில் முங்கிப் போக வேண்டும். ரியாலிட்டி ஷோவுக்குச் சரியான ஃபார்மட்.

அதையும் வென்றவர் லேன். நேரம் 2:38.4. அதாவது, கம்பம் ஏறி, படகு தாண்டி, படகுக்கு அடியில் முங்கிப் போனவர், எந்தத் தடையும் இல்லாமல் மல்லாந்து நீந்திய ஹோப்பன்பர்க்கைவிட 8.6 விநாடி முன்னாடி முடித்திருக்கிறார். தடை நீச்சலில் மூன்றாவது வந்த பிரிட்டனின் பீட்டர் கெம்ப்பின் நேரம் 2:47.4, பேக்ஸ்ட்ரோக் தங்கத்தின் நேரம் 2:47.0. கிட்டத்தட்ட ஒன்று!

இதைப் பார்த்து ஹோப்பன்பர்க்கைக் கிண்டல் செய்ய வேண்டியதில்லை. அன்றைய பேக்ஸ்ட்ரோக் எவ்வளவு மெதுவான நீச்சல் என்பதைத்தான் இது காட்டுகிறது. இன்றைக்கு மாதிரி ஒரு கை மாற்றி ஒரு கை சுழற்றும் முறை அப்போது வரவில்லை. இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்த் தண்ணீரை இழுப்பார்கள். கால்கள் தவளை மாதிரி உதைக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் உடம்பு கொஞ்சம் நின்று நின்று போகும்.

64 ஆண்டுகள் யாரும் முறியடிக்காத சாதனை... ஆனால்!

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது டெஸ்க்கில் ஒரு சீனியர், "64 வருஷம் யாராலும் முறியடிக்க முடியாத ஒலிம்பிக் சாதனை-ன்னு தலைப்பு வைம்மா, கிளிக் வரும்" என்றார். பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

1900-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் ஆண்கள் 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் நடத்தப்படவே இல்லை. 1904-ல் 100 கெஜமாகச் சுருக்கினார்கள். அதில் ஜெர்மனியின் வால்டர் பிராக் தங்கம் வென்றார், மூன்று பதக்கமும் ஜெர்மனிக்கே போனது. 1908 முதல் 100 மீட்டர் வந்தது. 200 மீட்டர் திரும்பி வந்தது 1964 டோக்கியோவில்தான். அமெரிக்காவின் ஜெட் கிரேஃப் 2:10.3 நேரத்தில் அன்றைய உலக சாதனையோடு வென்றார். நடுவில் யாரும் அந்தத் தூரத்தை ஒலிம்பிக்கில் நீந்தவே இல்லை என்றால், எப்படி முறியடிப்பது?

ஆட்டமே நடக்காத 64 வருஷத்தைச் சாதனை என்று எழுத மனசு வரவில்லை. ஆனால் பட்டியலை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. பட்டியலில் 1900-க்குக் கீழே 1964 இருக்கும், இரண்டுக்கும் எதிரே நேரம் இருக்கும். ஒன்று ஓடும் ஆற்றில், இன்னொன்று அசையாத குளத்தில் என்பதை எண் சொல்லாது.

அப்போ ஹோப்பன்பர்க்கின் தங்கம் செல்லுமா?

தாராளமாகச் செல்லும். இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். ஆறு ஹோப்பன்பர்க்கை மட்டும் தள்ளிவிடவில்லை. ரூபர்லையும் தள்ளியது, ட்ரோஸ்ட்டையும் தள்ளியது. எல்லோரும் ஒரே ஓட்டத்தில்தான் நீந்தினார்கள். அதில் ஹோப்பன்பர்க் 9 விநாடி முன்னே வந்தார். அவர் பெற்ற இடத்தில் சந்தேகம் இல்லை. அவருடைய நேரத்தை வேறு இடத்தில், வேறு ஆண்டில் நீந்தியவரின் நேரத்தோடு வைத்துப் பேசுவதுதான் தப்பு.

நீச்சலை நிர்வகிக்கும் அமைப்புகளுக்கும் இது தெரியும். 1908-ல் லண்டனில் சர்வதேச நீச்சல் கூட்டமைப்பு தொடங்கப்பட்டதற்கு ஒரு முக்கியக் காரணமே, விதிகளையும் சாதனைகளையும் ஒழுங்குபடுத்த ஒரு பொதுவான இடம் வேண்டும் என்பதுதான். இன்றைக்கு உலக சாதனை என்றால் 50 மீட்டர் அல்லது 25 மீட்டர் குளத்தில் மட்டும். ஆற்றிலும் கடலிலும் நடக்கும் 10 கிலோமீட்டர் மாரத்தான் நீச்சலுக்கு உலக சாதனைப் பட்டியலே கிடையாது. யார் முதலில் வந்தார் என்பது மட்டும்தான் கணக்கு.

பெண்கள் எங்கே?

1900-ல் பெண்கள் முதன்முறையாக ஒலிம்பிக்கில் பங்கேற்றார்கள். டென்னிஸ், கோல்ஃப் மாதிரி சில போட்டிகளில் மட்டும். நீச்சலில் இல்லை. அதற்கு 1912 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்களுக்கான பேக்ஸ்ட்ரோக் வந்தது 1924-ல். அதுவும் பாரிஸில்தான்.

இந்த முறை ஆறு இல்லை. சென் நதியில் குளிக்கத் தடை வந்த அடுத்த வருஷம் நடந்த ஒலிம்பிக் அது. துரெல் என்ற இடத்தில் 50 மீட்டர் குளம் கட்டி, பாதைகளைப் பிரித்து நடத்தினார்கள். (அந்தக் குளத்துக்குப் பிற்பாடு ஜார்ஜ் வல்ரே என்று பெயர் வைத்தார்கள். 1948-ல் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் வெண்கலம் வென்ற பிரெஞ்சுக்காரர் அவர்.) அந்தக் குளத்தில், பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கை அமெரிக்காவின் சிபில் பாவர் 1 நிமிடம் 23.2 விநாடியில் வென்றார்.

1908-ல் ஆண்களுக்கான தங்கம் 1:24.6. அதைவிட 1.4 விநாடி குறைவு. ஆறு தள்ளிவிட்ட ஹோப்பன்பர்க்கின் 100 மீட்டர் சராசரியைவிடவும் குறைவுதான். தூரம் வேறு என்பதால் இரண்டாவது ஒப்பீட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் முதல் ஒப்பீட்டில் தூரமும் ஒன்று, இரண்டுமே ஓட்டம் இல்லாத தண்ணீர்.

'மல்லாந்து இரு' - ஒரே விதி, நூறு வருஷ வாக்குவாதம்

பேக்ஸ்ட்ரோக்கின் அடிப்படை விதி ரொம்பச் சின்னது: மல்லாந்த நிலையில் இருக்க வேண்டும். கை எப்படிப் போக வேண்டும், கால் எப்படி அடிக்க வேண்டும் என்று பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் இருக்கும் கெடுபிடி இதில் இல்லை. அதனால் ஒவ்வொரு தலைமுறையும் 'மல்லாந்துதானே இருக்கணும், இருக்கேனே' என்று சொல்லி எதையாவது புதுசாகச் செய்துகொண்டே வந்திருக்கிறது.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் சிகாகோவைச் சேர்ந்த ஹாரி ஹெப்னர், ஃப்ரீஸ்டைல் மாதிரியே ஒரு கை மாற்றி ஒரு கை சுழற்றி நீந்தினார். 100 மீட்டரை 1:21.2-ல் முடித்துத் தங்கம் வாங்கினார். இரண்டு கையையும் சேர்த்து இழுத்த பழைய முறைக்கு அதோடு காலம் முடிந்தது. ஹோப்பன்பர்க் நீந்திய நீச்சல் பன்னிரண்டே வருஷத்தில் பழசாகிப்போனது.

அடுத்த பெரிய வாக்குவாதம் 1988 சியோலில். அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப், 'வேகமா நீந்தணும்னா எதுக்குத் தண்ணிக்கு மேல வரணும்?' என்ற முடிவுக்கு வந்திருந்தார். தொடங்கியதும் தண்ணீருக்கு அடியிலேயே மல்லாந்தபடி டால்ஃபின் மாதிரி உடம்பை அசைத்து, 50 மீட்டர் குளத்தில் பாதிக்கு மேல் போய்த்தான் தலையைக் காட்டுவார். தகுதிச் சுற்றில் 54.51 விநாடியில் உலக சாதனை. ஆனால் இறுதிப் போட்டியில், அதே வித்தையைக் கையில் எடுத்த ஜப்பானின் டாய்ச்சி சுசுகி 55.05-ல் அவரை முந்தினார். பெர்காஃப் 55.18.

அதோடு நீச்சல் கூட்டமைப்பு விழித்துக்கொண்டது. தண்ணீருக்கு அடியில் 10 மீட்டர்தான் போகலாம் என்று கட்டுப்பாடு போட்டது. 1991-ல் அது 15 மீட்டராகத் தளர்த்தப்பட்டது. இன்றைக்கும் 15 மீட்டர்தான்.

அதற்கப்புறம் 2022-ல் புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு கூத்து. 50 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ஜஸ்டின் ரெஸ் முதலில் வந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தகுதிநீக்கம். காரணம்: சுவரைத் தொடும்போது அவர் உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் இருந்ததாம். தங்கம் சக அமெரிக்கரான ஹன்டர் ஆம்ஸ்ட்ராங்குக்குப் போனது. முறையீடு செய்து, வீடியோவைத் திரும்பப் பார்த்து, கடைசியில் ரெஸ்ஸுக்கே தங்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் விதியையே மாற்றிவிட்டார்கள். இப்போது கடைசி 5 மீட்டரில் தலை நுழைந்துவிட்டால், முடிக்கும்போது முழுக்க முங்கியிருந்தாலும் பிரச்னை இல்லை.

இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

2024-ல் பாரிஸ் மறுபடியும்

124 வருஷம் கழித்து ஒலிம்பிக் மறுபடி பாரிஸுக்கு வந்தபோது, சென் நதியைச் சுத்தம் செய்ய 140 கோடி யூரோ செலவழித்தார்கள். மழை பெய்தால் சாக்கடைக் கழிவு ஆற்றில் கலப்பதுதான் பெரிய தலைவலி. ஆண்கள் டிரையத்லான் ஜூலை 30-ல் நடக்க வேண்டியது. தண்ணீரின் தரம் சரியில்லை என்று 31-க்குத் தள்ளிப்போனது.

கிருமியைப் பற்றி உலகமே பேசியது. ஆற்றோட்டத்தைப் பற்றிப் பேசியவர்கள் கம்மி. ஆனால் 10 கிலோமீட்டர் நீச்சலில் பெரிய எதிரி அதுதான். 1900 போல ஒரே திசையில் இல்லாமல், இந்த முறை ஆற்றோட்டத்தோடு போய், எதிர்த்துத் திரும்பி வரும் சுற்றுப்பாதை. எதிர்நீச்சலில் வீரர்கள் ஆற்றின் கரைச்சுவரை ஒட்டியே வந்தார்கள். நடு ஆற்றைவிட ஓரத்தில் ஓட்டம் குறைவு.

போகும்போது உதவி, வரும்போது தொல்லை. கூட்டிக் கழித்தால் சமம்தானே என்று தோன்றும். அப்படி இல்லை. ஒருவர் விநாடிக்கு 1.5 மீட்டர் நீந்துகிறார், ஆறு விநாடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 மீட்டர் போக 300 விநாடி, திரும்பி வர 600 விநாடி, ஆக 900. அசையாத தண்ணீரில் இருந்தால் 800 விநாடியில் முடித்திருப்பார். ஆறு எடுத்துக்கொள்வதுதான் அதிகம்.

பேக்ஸ்ட்ரோக் மட்டும் ஆற்றுக்குப் போகவில்லை. லா டெஃபான்ஸ் அரங்கத்தில், ரக்பி விளையாடும் இடத்தில் தற்காலிகக் குளம் அமைத்து நடத்தினார்கள். 1900-ல் போட்டி நடந்த ஆற்றுப் பகுதியில் இருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். இங்கேயும் தண்ணீரைப் பற்றி ஒரு சர்ச்சை வந்தது. குளத்தின் ஆழம் 2.15 மீட்டர்தான், அடியில் பட்டுத் திரும்பும் அலை வேகத்தைக் குறைக்கிறது, இது 'மெதுவான குளம்' என்று முதல் சில நாட்கள் ஒரே பேச்சு. பிறகு சீனாவின் பான் ஜான்லே 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 46.40 விநாடியில் உலக சாதனை படைத்ததும் அந்தப் பேச்சு கொஞ்சம் அடங்கியது.

ஆண்கள் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் இத்தாலியின் தாமஸ் செக்கோன் 52.00 விநாடியில் தங்கம் வென்றார். (அதே ஆள்தான், ஒலிம்பிக் கிராமத்தில் ஒரு மரத்தடியில் துண்டு விரித்துத் தூங்கி வைரல் ஆனவர்.) 200 மீட்டரில் ஹங்கேரியின் ஹூபர்ட் கோஷ் 1:54.26-ல் வென்றார். ஹோப்பன்பர்க்கைவிட 52 விநாடிக்கும் அதிகமாகக் குறைவு. அதுவும் ஆற்றின் உதவி இல்லாமல்.

இந்தியாவின் ஸ்ரீஹரி நடராஜ் 100 மீட்டரில் 55.01 விநாடியில் நீந்தி 33-வது இடம் பிடித்தார். அவருடைய சிறந்த நேரம் 53.77. எது கணக்கில் வரும், எது வராது என்ற கேள்வி அவரையும் விடவில்லை. 2021-ல் ரோமில் நடந்த செட்டே கோலி போட்டியின்போது, போட்டிச் சுற்றில் இல்லாமல், நேரம் பார்ப்பதற்காகவே தனியாக நடத்திய டைம் டிரையலில் வந்த நேரம் அது. டோக்கியோவுக்கான நேரடித் தகுதி 53.85. எட்டிவிட்டார். ஆனால் டைம் டிரையலில் வந்த நேரம் செல்லுமா? சர்வதேசக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டதாக அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏற்றுக்கொண்டது. டோக்கியோவுக்குப் போனார்.

2028-ல் என்ன மாறப்போகிறது?

லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை மூன்றிலும் 50 மீட்டர் போட்டிகள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் புதிதாகச் சேர்க்கப்படுகின்றன. குளத்தில் நடக்கும் போட்டிகளின் எண்ணிக்கை 35-ல் இருந்து 41 ஆகிறது. போட்டி நடக்கும் இடம் சோஃபை ஸ்டேடியம். அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்குள் தற்காலிகக் குளம். 1908-ல் ஓடுபாதைக்கு நடுவே தொட்டி கட்டிய அதே யோசனை, பல மடங்கு பெரிய செலவில்.

ஆண்கள் 50 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கின் உலக சாதனை, ரஷ்யாவின் கிளிமென்ட் கோலெஸ்னிகோவ் 2023-ல் படைத்த 23.55 விநாடி. இதில் முதல் 15 மீட்டரைத் தண்ணீருக்கு அடியிலேயே போகலாம். கடைசி 5 மீட்டரில், 2023 விதிப்படி, மறுபடி முங்கலாம். ஆக 50 மீட்டரில் 30 மீட்டர் மட்டும்தான் கட்டாயமாகத் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். புடாபெஸ்ட்டில் ரெஸ், ஆம்ஸ்ட்ராங் இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் 0.02 விநாடி. அந்த மாதிரி ஒரு முடிவு ஒலிம்பிக்கில் வந்தால், 15 மீட்டர் கோட்டைத் தலை எப்போது தாண்டியது என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கப்போகிறார்கள்.

நூறு மீட்டரில் கடைசிக் கட்டத்தில் மூச்சு வாங்கிப் பின்தங்கும் வீரர்களுக்கு இது புது வாய்ப்பு. ஸ்ரீஹரி 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 100 மீட்டரில் 7-வது, 50 மீட்டரில் 5-வது. தூரம் குறையும்போது இடம் முன்னேறுகிறது. ஆனால் இதே கணக்கை எல்லா நாட்டுப் பயிற்சியாளர்களும் போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

இதற்கிடையே, சென் நதியில் இப்போது குளிக்கப் போனால் மஞ்சள் நிற மிதவை ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் இறங்க விடுகிறார்கள். கரையில் கொடி இருக்கும்: பச்சை, மஞ்சள், சிவப்பு. மழை பெய்து தண்ணீர் கெட்டுப்போனாலும் சிவப்புதான், ஆற்றோட்டம் அதிகமாக இருந்தாலும் சிவப்புதான்.